விழுந்தவர் மீதுதான் குற்றமா?

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது என் சித்தி விழுந்தார். காலை எட்டு மணி இருக்கும். வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் உள்ள கடைவரிசைக்குப் போய், அரிசி மாவும் உளுந்தும் வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தார். கடைகளின் ஓரமாக ஓடும் கால்வாயின் மேல் சிமெண்டு மூடிகளைப் போட்டு, அதையே நடைபாதையாக்கி வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு மூடி ஓரம் உடைந்து ஆடிக்கொண்டிருந்தது. கால் வைத்ததும் ஒரு பக்கம் அமிழ்ந்தது. வலது கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது.

கடைக்காரர் ஓடி வந்து தூக்கி உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்த அம்மா, "பார்த்து நடக்கக் கூடாதா?" என்று பரிவோடுதான் கேட்டார். மருத்துவமனையில் நான் போய் நின்றபோது சித்தியும் அதையேதான் சொன்னார். "விடுய்யா, தப்பு என் மேலதான். கீழ பார்த்து நடந்திருக்கணும்."

சித்திக்கு 62 வயது. வருடா வருடம் தீபாவளிக்கு முறுக்கு ஆர்டர் எடுத்துச் செய்பவர். அந்த ஆண்டு மாவுக்கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்துகொண்டு, ஆர்டர் கொடுத்த ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டார். விழுந்தது தன் குற்றம் என்று நினைத்தவர், முறுக்கு சுட முடியாததையும் தன் குற்றமாகவே எடுத்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்து அந்த இடத்தைப் பார்க்கப் போனேன். உடைந்த மூடி அங்கே இல்லை. புதிய மூடி ஒன்று சாம்பல் நிறத்தில் பளிச்சென்று கிடந்தது. "ரெண்டு தடவை போன் பண்ணிச் சொன்னேன் தம்பி, யாரும் வரலை. உங்க சித்தி விழுந்த பிறகு நாலே நாள்ல மாத்திட்டாங்க" என்றார் கடைக்காரர். எந்தத் தேதியில் சொன்னார், யாரிடம் சொன்னார் என்பது அவருக்கு நினைவில்லை. புகார் எண் எதுவும் வாங்கி வைக்கவில்லை.

வழக்கறிஞராக இருக்கும் நண்பரிடம் கேட்டேன். அவர் முதலில் கேட்டது, "படம் எடுத்தீர்களா?" என்பதுதான். எடுக்கவில்லை. ஆறு பேர் சுற்றி நின்றோம், எல்லார் கையிலும் கைப்பேசி இருந்தது, ஒருவருக்கும் தோன்றவில்லை. "பிறகு பழுது பார்த்தார்கள் என்பதை மட்டும் வைத்துக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. உங்கள் வழக்கு அந்தப் பழைய மூடியில்தான் இருந்தது. அது போய்விட்டது" என்றார்.

அன்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், அதன் பிறகு தேடிப் படித்ததையும் இங்கே எழுதுகிறேன். இன்னொரு வீட்டுக்காவது உதவட்டும்.

பாதை யாருடையது?

நடைபாதையில் விழுந்தவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. தீபகற்ப மலேசியாவில் இதற்கு அடிப்படையாக இருப்பது 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம். அதில் 'சாலை' என்ற சொல்லின் பொருள் நாம் நினைப்பதைவிட அகலமானது. கார் ஓடும் தார்ச்சாலை மட்டும் சாலை அல்ல. நடைபாதையும் சாலைதான்; சாலையோரக் கால்வாயும் சாலையின் பகுதிதான். ஆகவே சித்தி கால் வைத்த அந்த மூடி சட்டத்தின் கண்ணில் 'கால்வாய் மேல் ஏதோ ஒரு பலகை' அல்ல, அது சாலை.

பொதுச் சாலைகளையும் அவற்றின் நடைபாதைகளையும் பராமரித்துப் பழுது பார்க்க வேண்டியது ஊராட்சி மன்றம் என்று அதே சட்டம் சொல்கிறது. மேலே கூரையுள்ள ஐந்தடிப் பாதைகளும் இதில் அடங்கும். ஆனால் கூடவே ஒரு சிறு வாசகம் இருக்கிறது: கையிலுள்ள நிதி இடங்கொடுக்கும் அளவுக்கு. கடமையைச் சொல்லிவிட்டு உடனே ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கும் வாசகம் இது.

எல்லா இடத்திலும் பொறுப்பு ஊராட்சி மன்றத்துடையது மட்டும் என்றும் சொல்ல முடியாது. கூட்டரசுச் சாலை என்றால் பொதுப்பணி இலாகா வருகிறது. தண்ணீர்க் குழாய்க்கோ மின்கம்பிக்கோ தோண்டிவிட்டுச் சரியாக மூடாமல் போனால் தோண்டிய நிறுவனமும் அதன் குத்தகையாளரும் பதில் சொல்ல வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பின் வளாகத்துக்குள் என்றால் அதன் நிர்வாகக் குழு. கடைக்காரர் தன் கடை முன்னால் மட்டும் வழுவழுப்பான ஓடு பதித்து, பக்கத்துக் கடையைவிட இரண்டு அங்குலம் உயர்த்தி வைத்திருந்தால், மழை நாளில் அங்கே வழுக்கி விழுந்தவர் அந்தக் கடைக்காரரையும் கேட்கலாம்.

இவர்களில் ஒருவரை விட்டுவிட்டு வேறொருவர் மீது மட்டும் வழக்குத் தொடுத்தால், "அது எங்கள் பொறுப்பல்ல" என்ற ஒரே பதிலில் வழக்கு சரிந்துவிடக்கூடும். அதனால்தான் வழக்கறிஞர்கள் முதலில் வரைபடத்தைத் தேடுகிறார்கள்.

விழுந்தால் மட்டும் போதாது

பள்ளம் இருந்தது, விழுந்தேன், அடிபட்டது. ஆகவே இழப்பீடு என்று சட்டம் கணக்குப் போடுவதில்லை. கவனக்குறைவு என்று வழக்குத் தொடுப்பவர் சில படிகளை ஏறியாக வேண்டும். பாதையைக் கவனிக்கும் கடமை எதிர்த்தரப்புக்கு இருந்தது, ஆபத்து அவர்களுக்குத் தெரிந்திருந்தது அல்லது தெரிந்திருக்க வேண்டும், நியாயமான காலத்தில் அதைச் சரிசெய்யவில்லை, அதனால்தான் அடிபட்டது. இந்த நான்கையும் காட்ட வேண்டியவர் விழுந்தவர்தான்.

எவ்வளவு ஆபத்தான பள்ளம் என்பதும் முக்கியம். ஆஸ்திரேலியாவில் 2001ஆம் ஆண்டு நாட்டின் ஆக உயர்ந்த நீதிமன்றம் இரண்டு வழக்குகளுக்குச் சேர்த்துத் தீர்ப்புச் சொன்னது. அதுவரை அங்கே சாலையைத் தவறாகப் பழுது பார்த்தால்தான் மன்றத்துக்குப் பொறுப்பு; பழுதே பார்க்காமல் விட்டால் பொறுப்பில்லை. இங்கிலாந்திலிருந்து வந்த பழைய விதி அது. இங்கிலாந்தே 1961இல் ஒரு சட்டத்தின் மூலம் அதைக் கைவிட்டது. ஆஸ்திரேலிய நீதிபதிகளும் 2001இல் அதைத் தூக்கிப் போட்டார்கள். ஆனால் அந்த இரண்டு வழக்குகளில் ஒன்று, நடைபாதையின் விளிம்பில் கால் வைத்து, பக்கத்து மண் தரை தாழ்ந்திருந்ததால் விழுந்த ஒரு பெண்ணுடையது. அவர் தோற்றார். அந்தத் தாழ்வு கண்ணுக்குத் தெரிந்தது. நடப்பவரும் தரையைப் பார்த்து நடக்க வேண்டும் என்பது நீதிபதிகளின் கருத்து. விதியைத் தளர்த்திய அதே தீர்ப்பில் விழுந்தவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அப்படியானால் சித்தி சொன்னது சரிதானா? முழுக்கச் சரியல்ல. ஏனென்றால் சட்டம் 'நடப்பவர்' என்று சொல்லும்போது ஓட்டப் பந்தய வீரரை மட்டும் மனத்தில் வைப்பதில்லை.

1964இல் லண்டனில் முடிவான ஒரு வழக்கு இதற்குச் சான்று. மின்கம்பி பதிக்கப் பள்ளம் தோண்டிய ஊழியர்கள், ஆட்கள் வராமல் தடுக்க நீண்ட பிடியுள்ள சம்மட்டி ஒன்றைப் பாதையின் குறுக்கே சாய்த்து வைத்தார்கள். கண் தெரிந்தவர்களுக்கு அது போதுமான எச்சரிக்கை. ஆனால் பார்வையற்ற ஒருவர் தன் வெள்ளைக் கோலோடு வேலைக்குப் போகும் வழியில் அதில் தடுக்கி விழுந்தார். அவருடைய கோல் அந்தச் சம்மட்டியைத் தொடவே இல்லை. விழுந்ததில் காதும் கேளாமல் போனது. கீழ் நீதிமன்றங்கள் கைவிட்ட பிறகு, பிரபுக்கள் சபை அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. லண்டனில் ஏறத்தாழ 500 பேரில் ஒருவர் பார்வையற்றவர் என்பது அந்த வழக்கில் எடுத்துக்காட்டப்பட்டது. பார்வையற்றவர்களும் தனியே நடந்து போவார்கள் என்பதைப் பாதையைத் தோண்டுபவர் எதிர்பார்த்தே ஆக வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

நம் நீதிமன்றங்களை இந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது; ஆனால் இத்தகைய ஆங்கிலத் தீர்ப்புகளை இங்கே வழக்கறிஞர்கள் மேற்கோள் காட்டுவதுண்டு. பிரிக்பீல்ட்சில் நடந்து பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கும் இடம் அது. பூமாலைக் கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவே வெள்ளைக் கோலோடு போகிறவர்களை அங்கே தினமும் பார்க்கிறோம். மஞ்சள் வழிகாட்டி ஓடுகளின் மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்தி வைப்பவர்களையும் பார்க்கிறோம்.

மன்றத்தைக் கேட்க முடியுமா?

"அரசாங்கத்து மேல கேஸ் போட முடியாது" என்பது நம் காப்பிக்கடைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. இதற்கு ஒரு காரணம் உண்டு. 1993 டிசம்பர் 11ஆம் தேதி உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் குடியிருப்பின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் இறந்தார்கள். மற்ற கட்டடங்களில் இருந்தவர்கள் தொடுத்த வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்தைப் பொறுப்பாக்க முடியாது என்று 2006இல் தீர்ப்பானது. சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95ஆவது பிரிவு தரும் பாதுகாப்பு அந்தத் தீர்ப்பில் பெரும் பங்கு வகித்தது.

ஆனால் அந்தப் பிரிவு, இந்தச் சட்டத்தின்படி நடக்கும் கட்டட வேலைகள், மற்ற வேலைகள், அவற்றின் மேற்பார்வை, ஒப்புதல் ஆகியவற்றைப் பற்றியது. ஆடிக்கொண்டிருக்கும் ஒரு கால்வாய் மூடியைப் பற்றிப் பலமுறை சொல்லியும் மாற்றாமல் விட்டதும் இதே பாதுகாப்புக்குள் வருமா என்பது வேறு கேள்வி. "அங்கே வாதாட இடமிருக்கிறது. வெற்றி நிச்சயம் என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது" என்றார் நண்பர்.

வாதத்தைவிடக் கறாரானது நாட்காட்டி. இத்தகைய வழக்குகளைப் பொதுவாக ஆறு ஆண்டுகளுக்குள் தொடுக்கலாம். ஆனால் ஊராட்சி மன்றம் போன்ற பொது அமைப்பு என்றால், 1948ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி 36 மாதம்தான். ஆறு ஆண்டு இருக்கிறதே என்று கை ஆறும்வரை, மகள் கல்யாணம் முடியும்வரை என்று தள்ளிப் போட்டால், ஒருநாள் எவ்வளவு நல்ல வழக்கும் செத்துப் போயிருக்கும்.

கிடைத்தால் எவ்வளவு?

வலிக்கும் வேதனைக்கும் ஒரு தொகை. மருத்துவச் செலவு, போக்குவரத்து, கவனித்துக்கொள்ள வைத்த ஆளின் கூலி ஆகியவற்றுக்கு ரசீதைப் பொறுத்து ஒரு தொகை. எதிர்கால வருமான இழப்பு என்று வரும்போது 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டம் ஒரு கோடு போடுகிறது. விழுந்தபோது 60 வயது நிறைந்தவர் என்றால் அந்த வகையில் ஒன்றும் இல்லை. 2019இல் திருத்தப்படும் வரை அந்தக் கோடு 55இல் இருந்தது. சித்தி போல் 62 வயதிலும் தன் கையால் சம்பாதிப்பவர்களின் நாளைய உழைப்புக்கு அந்தக் கணக்கில் விலை கிடையாது. போன தீபாவளி இழப்பையாவது கேட்கலாமா என்றால், முறுக்கு ஆர்டருக்கு ஏது ரசீது?

விழுந்தவரின் கவனக்குறைவும் கணக்கில் வரும். இழப்பீடு 40,000 ரிங்கிட் என்று நீதிமன்றம் மதிப்பிட்டு, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நடந்ததால் கால் பங்கு தவறு உங்களுடையது என்று முடிவு செய்தால், கைக்கு வருவது 30,000. ஆகவே, "கொஞ்சம் தப்பு என் மேலயும் இருக்கு" என்பது வழக்கைக் கைவிடக் காரணமல்ல. அது தொகையைக் குறைக்கும். எதிர்த்தரப்பின் பங்கை அழித்துவிடாது.

தொகை ஒரு லட்சம் ரிங்கிட் வரை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம், அதற்கு மேல் பத்து லட்சம் வரை செஷன்ஸ் நீதிமன்றம். ஐயாயிரம் ரிங்கிட்டுக்குள் என்றால் வழக்கறிஞர் இல்லாமலேயே சிறு கோரிக்கை நடைமுறையில் போகலாம்.

வேலைக்குப் போகும் இளையவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டிலிருந்து வேலையிடத்துக்குப் போகும் வழியிலோ, அனுமதிக்கப்பட்ட இடைவேளையில் சாப்பிடப் போகும்போதோ விழுந்து அடிபட்டால், அது சொக்சோவின் கீழ் வேலை சார்ந்த விபத்தாகலாம். ரயில் நிலையத்திலிருந்து அலுவலகத்துக்கு நடந்து போகும் நடையும் பயணம்தான். அங்கே யார் குற்றம் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. வெறும் மருத்துவ விடுப்பு எடுத்துவிட்டு இதை விட்டுவிடுபவர்கள் நிறைய பேர். முதலாளியிடம் உடனே தெரிவித்துப் பதிவு செய்யுங்கள்.

விழுந்த அன்றே

எங்கள் குடும்பம் செய்யத் தவறியவை இவை. பட்டியலாகவே தருகிறேன்.

• முதலில் சிகிச்சை. எப்படி, எங்கே விழுந்தார் என்பதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். "கீழே விழுந்துட்டாங்க" என்று மட்டும் சொன்னால் அறிக்கையிலும் அவ்வளவுதான் இருக்கும். குளியலறையில் விழுந்ததாகவும் அதைப் படிக்கலாம்.

• கூட வந்தவர் யாராவது அன்றே படம் எடுக்க வேண்டும். தூரத்திலிருந்து ஒன்று, கடைப் பெயர்ப் பலகையோ விளக்குக் கம்ப எண்ணோ தெரியும்படி. அருகிலிருந்து சில, பக்கத்தில் அளவுகோலையோ 50 சென் காசையோ வைத்து, ஆழம் தெரியும்படி.

• பார்த்தவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் வாங்குங்கள். கடையில் கேமரா இருந்தால் உடனே கேளுங்கள்; பழைய பதிவுகள் சில நாட்களில் அழிந்துவிடக்கூடும்.

• போலீஸ் புகார் செய்யுங்கள். ஊராட்சி மன்றத்துக்கும் எழுத்தில் தெரிவித்துப் புகார் எண் வாங்குங்கள்.

• அன்று போட்டிருந்த செருப்பைத் தூக்கி எறியாதீர்கள். "தேய்ந்த செருப்பு" என்று பிறகு யாராவது சொன்னால் காட்ட அதுதான் இருக்கும்.

• ரசீதுகளை ஒரே உறையில் போட்டு வையுங்கள். சில வாரங்களுக்குள் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். வசதி குறைந்தவர்கள் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில், தங்கள் வழக்கு அதன் வரம்புக்குள் வருமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

விழுவதற்கு முன்பே

2024 ஆகஸ்டு 23ஆம் தேதி கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் நடைபாதை திடீரென்று உள்வாங்கியது. இந்தியாவிலிருந்து சுற்றுலா வந்திருந்த 48 வயதுப் பெண் ஒருவர் சுமார் 8 மீட்டர் ஆழத்துக்குள் விழுந்தார். ஒன்பது நாள் தேடினார்கள், அவர் கிடைக்கவில்லை. அதன் பிறகு பல வாரம் நாமெல்லாம் தரையைப் பார்த்து நடந்தோம்.

அந்தப் பள்ளம் விழும் நொடி வரை நடந்து போனவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் சித்தியை வீழ்த்திய மூடி அந்த வழியே போன எல்லாருக்கும் தெரியும். கடைக்காரருக்குத் தெரியும், பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நானே அதைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். தாண்டத் தெரிந்தவர்கள் எல்லாரும் தாண்டினோம். முடியாதவர் விழுந்தார்.

ஆபத்து அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்று காட்ட வேண்டும் என்று சட்டம் கேட்கிறது அல்லவா? அதைக் காட்டுவதற்கு ஆகச் சிறந்த காகிதம், விழுவதற்கு முன்பே யாரோ ஒருவர் செய்த புகார். தேதியோடு, எண்ணோடு, படத்தோடு. தொலைபேசியில் சொன்னது காற்றோடு போய்விடும். ஊராட்சி மன்றத்தின் இணையப் புகார்ப் பகுதியில் பதிவு செய்தால் அது நிற்கும். பெரும்பாலும் அதைப் பார்த்து மூடியையே மாற்றிவிடுவார்கள், வழக்கே தேவைப்படாது. மாற்றாவிட்டால், நாம் யாரென்றே தெரியாத ஒருவருக்காக நாம் எழுதி வைத்த சாட்சி அது.

நாங்கள் வழக்குத் தொடுக்கவில்லை. கையில் ஒன்றும் இல்லாமல் போய் நிற்க வேண்டாம் என்று சித்தப்பா சொல்லிவிட்டார். சித்தியின் மணிக்கட்டு இன்றும் முழுதாகத் திரும்பாது. முறுக்கு அச்சைச் சித்தப்பாதான் அழுத்திக் கொடுக்கிறார், ஆர்டர் பாதியாகிவிட்டது.

ஆனால் சித்தி ஒரு வேலை செய்கிறார். மாலை நடைக்குப் பேரனைக் கூட்டிக்கொண்டு போகும்போது ஆடும் மூடி, பெயர்ந்த ஓடு, திறந்த கால்வாய் எது கண்ணில் பட்டாலும் படம் எடுக்கச் சொல்கிறார். பேரன் அன்றிரவே இணையத்தில் புகார் அனுப்ப வேண்டும். வரும் எண்ணை ஒரு பள்ளிக்கூட நோட்டில் தேதி போட்டு எழுதி வைக்கிறார். போன மாதம் பார்த்தபோது பதினொரு எண்கள் இருந்தன. ஏழுக்கு எதிரே 'சரி' என்று குறித்திருந்தார்.

"மீதி நாலு?" என்று கேட்டேன்.

"அதுக்கும் எழுதியிருக்கேன்ல. இனி யாராவது அங்க விழுந்தா, தப்பு விழுந்தவங்க மேலன்னு சொல்ல முடியாது" என்றார்.